டிரைவர் ஏற்றிய ஆறு பெட்டி: எல்லையோரம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் அனுபவம்

சத்தியமங்கலம், புளியம்பட்டி, அந்தியூர், மேட்டூர் என்று கர்நாடகாவை ஒட்டிய ஊர்களில் கடன் போட்டு ஒரு சரக்கு வண்டி வாங்கி, டிரைவர் வைத்து ஓட்டிப் பிழைக்கிற குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. எங்களுடையதும் அப்படி ஒரு குடும்பம். 2024 பொங்கலுக்கு முந்தின வாரம் என் பிக்கப் வண்டி கர்நாடகா மதுப் பாக்கெட்டுகளோடு பிடிபட்டது. மதுவை வாங்கியதும் நானில்லை, ஏற்றச் சொன்னதும் நானில்லை. ஆனாலும் வண்டி கைக்கு வர ஜூன் மாதம் ஆகிவிட்டது. கையிலிருந்து போன பணம் மட்டும் இரண்டு லட்சத்துக்குக் கிட்டத்தட்ட. ஓடாமல் நின்றதில் வராமல் போன வருமானம் தனி. பிடிபட்ட புதிதில் அடுத்து என்ன செய்யணும், யாரிடம் போகணும் என்று சொல்ல ஒரு ஆள் கிடைக்கவில்லை. யாராவது முன்னாடியே நாலு விஷயம் சொல்லியிருந்தால் இவ்வளவு அலைந்திருக்க மாட்டேன். அதனால்தான் எல்லாவற்றையும் விட்டுவிடாமல் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி என் வீட்டுக்காரர் வாங்கினது. அவர் இருந்தவரைக்கும் அவரே ஓட்டினார். அவர் தவறின பிறகு ஆர்.சி. புத்தகத்தை என் பெயருக்கு மாற்றி, தெரிந்த பையன் ஒருத்தனை டிரைவராகப் போட்டேன். சாம்ராஜ்நகர் மார்க்கெட்டிலிருந்து முட்டைக்கோஸ், தக்காளி, பீட்ரூட் ஏற்றிக்கொண்டு ஆசனூர், திம்பம் வழியாக இறங்கிக் கோயமுத்தூர் எம்.ஜி.ஆர். மார்க்கெட்டுக்குப் போகிற லைன். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. 2022-ல் மலைப்பாதையில் இரவுத் தடை வந்த பிறகு எங்கள் வண்டி வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடும். லோடு ஏறினதும் ஒரு போன், மலை இறங்கிப் பண்ணாரி வந்ததும் ஒரு போன், மார்க்கெட்டில் இறக்கினதும் ஒரு போன். அப்படித்தான் இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

இதில் டீசல் சமாச்சாரம் ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். கர்நாடகாவில் டீசல் நம்மூரைவிட லிட்டருக்கு அப்போது ஆறு ரூபாய்க்கு மேலேயே குறைவு. அந்தப் பக்கம் போகிற எந்த வண்டிக்காரரும் டேங்கை அங்கேதான் நிரப்புவார். நாங்களும் அப்படித்தான். வண்டியின் சொந்த டேங்கில் நிரப்பிக்கொண்டு வருவதில் எந்தத் தப்பும் கிடையாது, மாசம் பார்த்தால் நல்ல மிச்சம். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது பெட்ரோல், டீசலையும் குடிக்கிற மதுவையும் அதற்குள் சேர்க்கவில்லை. மது மீதான வரியும் அதிகாரமும் அரசியல் சட்டப்படியே மாநிலத்தின் கையில் இருக்கிறது. அதனால் காரப்பள்ளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. ஒரே ரோடு, ஒரே காடு, கரும்பு லாரிக்குக் காத்து நிற்கிற அதே யானைகள். கோடு தாண்டினால் கணக்கு மாறிவிடுகிறது. டீசல் போட நிற்கிற வண்டியைத்தான் மது கடத்துகிற ஆட்களும் தேடி வருகிறார்கள்.

கர்நாடகா சரக்கு ஏன் இங்கே வருகிறது என்று எனக்கு அப்போது தெரியாது. விலை குறைவு, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். பிறகு வக்கீலிடமும் மற்ற வண்டிக்காரர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அங்கே 90 மில்லி டெட்ரா பாக்கெட் உண்டு. நம்மூர் டாஸ்மாக்கில் குறைந்த அளவே 180 மில்லி குவாட்டர்தான். அந்த ஜனவரியில் சாதாரண ரகக் குவாட்டர் 130 ரூபாய், பிப்ரவரி 1-ஆம் தேதியிலிருந்து 140 ஆக்கினார்கள். கூலி வேலைக்குப் போகிறவர் கையில் அறுபது, எழுபது ரூபாய் இருந்தால் குவாட்டர் வாங்க முடியாது, பாக்கெட் வாங்கலாம். அடுத்தது நேரம். டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மூடுகிறது. விடியற்காலையில் கை நடுங்குகிற ஆளுக்குத் திருட்டுத்தனமாக மது விற்கிற சந்துக்கடைதான் கதி. மூன்றாவது, லீவு நாள். 2024 ஜனவரியில் 16-ஆம் தேதி திருவள்ளுவர் தினம், 25 வள்ளலார் நினைவு நாள், 26 குடியரசு தினம். மூன்று நாளும் டாஸ்மாக் மூடல். மாட்டுப் பொங்கலன்று கடை மூடியிருந்தால் சந்துக்கடைக்காரன் என்ன விலை சொன்னாலும் வாங்க ஆள் இருக்கும். அதற்கு முந்தின வாரமே பெட்டி பெட்டியாக மலை இறங்கும். இந்தக் காலண்டரை வண்டி வைத்திருக்கிறவர்கள் மனதில் வைத்திருங்கள். என் வண்டி பிடிபட்டதும் அந்த வாரத்தில்தான்.

கொரோனா சமயத்தில் இது இன்னும் மோசமாக இருந்ததாகச் சொல்கிறார்கள். 2021 ஜூனில் மற்ற மாவட்டங்களில் எல்லாம் டாஸ்மாக் திறந்தபோது கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர், நீலகிரி என்று நம் மேற்கு மாவட்டங்கள் ஏழிலும், டெல்டாவில் நான்கிலும் திறக்கவில்லை. ஜூலை 5-ஆம் தேதிதான் திறந்தார்கள். அந்த மூன்று வாரத்தில் பால் வண்டி, காய்கறி வண்டி, ஆம்புலன்ஸ் எதையும் நம்ப முடியாத நிலை என்று ஒரு பழைய டிரைவர் என்னிடம் சொன்னார். எங்கள் பக்கத்தில் காய்கறி வண்டியைத் தனியாக நிறுத்திச் சோதிக்கிற பழக்கம் அப்போது வந்ததுதான் என்பது அவர் கணிப்பு.

சரி, அன்று நடந்ததற்கு வருகிறேன். ஒன்றரை டன் முட்டைக்கோஸ். சாம்ராஜ்நகரில் லோடு ஏறிவிட்டது என்று பகலில் போன் வந்தது. "டீசல் போட்டுட்டு கிளம்பறனுங்க்கா" என்றான். அதற்குப் பிறகு பண்ணாரி போன் வரவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் கிடைக்கவில்லை, மலையில் டவர் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். இருட்டின பிறகு ஒரு புது நம்பரிலிருந்து போன். "இந்த நம்பர் வண்டி ஓனருங்களா? ஸ்டேஷனுக்கு வாங்கம்மா, வண்டியில மது பாட்டில் இருக்குது" என்றார்கள். விபத்து இல்லை என்று தெரிந்ததும் முதலில் மூச்சு வந்தது. அப்புறம்தான் கால் உதறல் எடுத்தது. கொழுந்தனாரைக் கூப்பிட்டேன், அவர் வெளியூரில் இருந்தார். பக்கத்து வீட்டு அண்ணன் வண்டியில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். உள்ளே நான் மட்டும்.

ஆறு பெட்டி. ஒரு பெட்டிக்கு 96 பாக்கெட், ஒவ்வொன்றும் 90 மில்லி. மொத்தம் 576 பாக்கெட், ஐம்பது லிட்டருக்கு மேல். டீசல் போட நிறுத்தின இடத்தில் கேபினுக்குப் பின்னாலிருந்த ஒரு வரிசை மூட்டையை இறக்கி, பெட்டிகளை அடுக்கி, மேலே மறுபடி கோஸ் மூட்டையைப் போட்டுத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். பெட்டிக்கு 300 ரூபாய் என்று பேச்சு. ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்காக. அவனைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. "பொங்கச் செலவுக்குன்னுதானுங்க்கா" என்று ஒரு வார்த்தை சொன்னான். தலை நிமிரவே இல்லை. அன்று ராத்திரி அவனைக் கோர்ட்டில் ஆஜர்படுத்தக் கொண்டுபோனார்கள். எனக்குச் சம்பந்தம் இல்லை என்று நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். அங்கிருந்தவர்கள் யாரும் என்னை மரியாதைக் குறைவாகப் பேசவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் வண்டியைப் பற்றிக் கேட்டபோது, "அது கேஸ் பொருளும்மா, நாங்க விட முடியாது" என்றார்கள்.

இங்கே முதல் விஷயம். ஸ்டேஷனில் வண்டியைக் கைப்பற்றியதற்கு ஒரு மகஜர் எழுதுவார்கள். அதன் நகலும் எஃப்.ஐ.ஆர். நகலும் முதல் நாளிலேயே கேட்டு வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் மறுநாள் வக்கீல் மூலம் வாங்குங்கள். மகஜரில் வண்டி நம்பர், இன்ஜின் நம்பர் மட்டும் இருந்தால் போதாது. ஸ்டெப்னி, ஜாக்கி, பேட்டரி, டேப், கிலோமீட்டர் எண்ணிக்கை எல்லாம் அதில் ஏற வேண்டும். எழுதும்போதே பக்கத்தில் நின்று பணிவாகச் சொன்னால் சேர்த்துக்கொள்வார்கள். என் விஷயத்தில் ஸ்டெப்னி மகஜரில் ஏறவில்லை. ஐந்து மாதம் கழித்து அது இல்லாமல் வண்டி வந்தபோது யாரிடம் கேட்பது? முடிந்தால் அனுமதி கேட்டு நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள், தேதி தெரிகிற மாதிரி.

கோஸ் மூட்டைகளை என்ன செய்வது என்பது அடுத்த தலைவலி. அது என் பொருள் இல்லை, கோயமுத்தூர் மண்டிக்காரருடையது. கெட்டுப்போகிற பொருள், அதை மட்டும் விடுவிக்கச் சொல்லி உடனே எழுதிக் கொடுக்கலாம் என்று எனக்கு வக்கீல் சொல்லும்போது மூன்று நாள் ஆகியிருந்தது, பாதிக்கு மேல் அழுகிவிட்டது. மண்டிக்காரர் 19,000 ரூபாயை என் கணக்கில் எழுதிவிட்டார். அவர் மேல் குறை சொல்ல முடியாது, அவருக்கும் அது போட்ட முதல். அழுகும் சரக்கு இருந்தால் அன்று ராத்திரியே, லோடுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய், அவர் கையெழுத்தோடு மனுக் கொடுங்கள்.

சட்டத்துக்கு வருகிறேன், இதுதான் முக்கியம். 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம்தான் இன்றைக்கும் இருக்கிறது. ராஜாஜி அதை முதலில் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான், அந்த வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி. அரசே மதுக்கடை நடத்துகிற இந்தக் காலத்திலும் வெளி மாநில மதுவைக் கொண்டுவந்தால் பாய்வது அந்தச் சட்டம்தான். அதில் 14-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், மது கடத்தின வண்டியைப் பறிமுதல் செய்து அரசுடைமையாக்கலாம். அதிலிருந்து தப்ப வேண்டுமானால் தனக்குத் தெரியாமல், தன் உடந்தை இல்லாமல் நடந்தது என்று வண்டிச் சொந்தக்காரர் நிரூபிக்கணும். அது மட்டும் போதாது. அப்படி நடக்காமலிருக்கத் தேவையான முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்திருந்தேன் என்றும் நிரூபிக்கணும். நிரூபிக்கிற பாரம் நம் தலையில். "எனக்குத் தெரியாதுங்க" என்று ஆயிரம் தடவை சொன்னாலும் அது பாதி பதில்தான். என்ன முன்னெச்சரிக்கை எடுத்தாய் என்ற கேள்வி அப்படியே நிற்கும். எனக்கு இது தெரிந்தது பிடிபட்ட பிறகு. உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது, அதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

இன்னொன்று, டிரைவர் மேல் கோர்ட்டில் நடக்கிற கேஸ் வேறு, வண்டியைப் பறிமுதல் செய்கிற நடவடிக்கை வேறு. அது போலீஸ் அதிகாரி முன்னால் தனியாக நடக்கிறது. இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் போயிற்று. முதலில் கோர்ட்டில் வண்டியை இடைக்காலமாக விடச் சொல்லி மனுப் போட்டோம். பிடித்த வண்டிகளை ஸ்டேஷனில் வெயிலிலும் மழையிலும் மக்க விடக் கூடாது, போட்டோ எடுத்து, ஜாமீன் பத்திரம் வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்று 2002-ல் குஜராத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை வக்கீல் காட்டினார். எனக்கு நம்பிக்கையாக இருந்தது. ஆனால் அதற்குள் பறிமுதல் நோட்டீஸ் வீட்டுக்கு வந்துவிட்டது. இனி அந்த அதிகாரியிடம்தான் விளக்கம் சொல்லணும் என்றார் வக்கீல். அதனால் வண்டி பிடிபட்டால் நாளைக்குப் பார்க்கலாம், பண்டிகை முடியட்டும் என்று இருக்காதீர்கள். பொங்கல் லீவு எனக்கு ஒரு வாரத்தைச் சாப்பிட்டுவிட்டது. நோட்டீஸ் வந்தால் அதில் போட்டிருக்கிற கெடுவுக்குள் எழுத்தில் பதில் போயாக வேண்டும். பதில் கொடுத்ததற்கு நகலில் சீல் வாங்குங்கள். வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது.

நான் என்ன முன்னெச்சரிக்கை எடுத்தேன் என்று காட்ட என்னிடம் என்ன இருந்தது? முதலில் ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றியது. வக்கீல் பொறுமையானவர். "ஒன்னொன்னா யோசிங்கம்மா, போனை எடுங்க" என்றார். தேடினோம். அதற்கு முந்தின ஆயுத பூஜை சமயத்தில் எங்கள் ஊரில் வேறொருவர் வண்டி பிடிபட்டதைக் கேள்விப்பட்டு, என் டிரைவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் அனுப்பியிருந்தேன். "தம்பி, அங்கிருந்து ஒரு பாட்டில்கூட நம்ம வண்டியில வரக் கூடாது சாமி. யார் கேட்டாலும் ஏத்தாத. லோடைத் தவிர ஒரு பை இருந்தாலும் எனக்கு போன் பண்ணு." அதற்கு அவன் "சரிங்க்கா" என்று பதில் போட்டிருந்தான். தேதியோடு இருந்தது. அந்த வாய்ஸ்தான் என்னைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன். கூடவே, லோடு ஏறின சீட்டு, டீசலுக்கு நான் போனிலிருந்து பணம் போட்ட விவரம், அவன் சம்பளத்தை வங்கி மூலம் கொடுத்த கணக்கு, பிடிபட்ட நேரத்தில் நான் அவனைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்ட கால் பட்டியல். இவை எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, வாய்ஸைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தோம். வண்டியில் ஜி.பி.எஸ். இருந்தது, ஆனால் சந்தா கட்டாமல் நின்றுபோய் மாதக்கணக்காகியிருந்தது. வருஷத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் விஷயம். அது ஓடியிருந்தால் சாம்ராஜ்நகரில் எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கும். விசாரணையில் அதிகாரி அதைக் கேட்கவும் செய்தார்.

தயவுசெய்து பழைய போனை விற்காதீர்கள், வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள். டிரைவரிடம் என்ன சொன்னாலும் எழுத்திலோ வாய்ஸிலோ ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

டியூ பற்றிச் சொல்லணும். மாதம் 17,600 ரூபாய். வண்டி ஸ்டேஷனில் நிற்கிறது என்பது பைனான்ஸ்காரருக்குக் காரணமே இல்லை, தேதி வந்தால் போன் வந்துவிடும். நகையை அடகு வைத்து ஐந்து மாதமும் கட்டினேன், 88,000 ரூபாய். நகைக்கு வட்டி தனி. பிடிபட்டவுடனே பைனான்ஸுக்கு எஃப்.ஐ.ஆர். நகலோடு ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஆர்.சி.யில் அவர்கள் பெயரும் இருப்பதால் வண்டி ஏலம் போனால் அவர்களுக்கும் நஷ்டம். தவணையைக் குறைக்காவிட்டாலும் அபராத வட்டியைத் தள்ளிக் கேட்க அந்தக் கடிதம் உதவும். எனக்கு உதவியது. இன்சூரன்ஸ் இந்த நஷ்டத்துக்குப் பைசா தராது. ஆனால் அதைக் காலாவதியாக விட்டுவிடாதீர்கள், விடுவிக்கிற நாளில் இன்சூரன்ஸ் பேப்பர் கேட்பார்கள். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரு ஆள் வீட்டுக்கு வந்தார். ஐம்பதாயிரம் கொடுத்தால் ஒரு வாரத்தில் வண்டியை எடுத்துத் தருகிறேன், மேலே எல்லாம் தெரிந்தவர்கள் என்றார். என் நிலைமை அப்படி இருந்தது, ராத்திரி முழுக்க யோசித்தேன். காலையில் வக்கீலைக் கேட்டேன். "ரசீது தருவாராம்மா?" என்று ஒரே கேள்வி கேட்டார். நான் பணம் கொடுக்கவில்லை. பிறகு விசாரித்தால், அதே ஆளிடம் இரண்டு பேர் பணத்தை விட்டிருக்கிறார்கள், அதில் ஒருவர் வண்டி ஏலத்துக்கே போய்விட்டது. மதுவிலக்கு வழக்கில் பறிமுதலான வண்டிகள் பொது ஏலம் என்று பேப்பரில் அடிக்கடி அறிவிப்பு வரும். முன்பெல்லாம் அதைத் தாண்டிப் போய்விடுவேன். அந்த மாதங்களில் அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்கும். ஒவ்வொரு நம்பருக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது.

ஊர் வாயும் சும்மா இருக்கவில்லை. எங்கள் வீதியில் "சரக்கு ஓட்டறவங்க வீடு" என்று பேசினது என் காதுக்கே வந்தது. பாலிடெக்னிக் படிக்கிற பையன் ஒரு நாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். என் கூடப் பிறந்தவர்களுக்கே முழுசாக நம்பிக்கை வரவில்லை, "உனக்குத் தெரியாமலா அம்மிணி?" என்று ஒரு கேள்வி. பணம் போனதைவிட அந்தக் கேள்விதான் இன்றைக்கும் வலிக்கிறது. டிரைவரின் பெண்டாட்டி கைக்குழந்தையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து அழுதது. திட்டவும் மனசில்லை, உதவவும் வழியில்லை. அரிசியும் கொஞ்சம் பணமும் கொடுத்து அனுப்பினேன். அவனை அனுப்பினவன் யார், அந்தப் பெட்டிகளை இங்கே வாங்கக் காத்திருந்தவன் யார் என்பது அவன் வாயிலிருந்து வரவே இல்லை. பயம். பெரிய கை எங்கோ பத்திரமாக இருக்க, உள்ளே போவது ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டவன்தான்.

விசாரணைக்கு ஈரோட்டுக்குப் போய் வந்துகொண்டே இருந்தேன். ஒரு தடவை அதிகாரி வேறு வேலையாகப் போயிருப்பார், ஒரு தடவை வண்டியின் மதிப்பைப் போக்குவரத்து ஆய்வாளர் எழுதித் தர வேண்டியிருக்கும். போகிற ஒவ்வொரு தடவையும் ஆர்.சி., இன்சூரன்ஸ், ஆதார், நோட்டீஸ், பதில் மனு எல்லாம் மூன்று நகல் எடுத்துப் போங்கள். அங்கே போய் ஜெராக்ஸ் கடை தேடினால் அரை நாள் போய்விடும். கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுங்கள். டிரைவர் எத்தனை வருஷப் பழக்கம், லைசென்ஸ் பார்த்தீர்களா, முன்னால் கேஸ் உண்டா, லோடு யாருடையது, எந்த வழியாக வரச் சொன்னீர்கள், ஏன் அங்கே டீசல் போட்டீர்கள் என்றெல்லாம் என்னைக் கேட்டார்கள். டீசல் விலை வித்தியாசத்தைச் சொல்லி, ஆறு மாதத்துக்குப் பணம் போட்ட கணக்கைக் காட்டினேன். எப்போதும் அங்கேதான் நிரப்புகிறோம், அன்றைக்கு மட்டும் புதிதாக நிறுத்தச் சொல்லவில்லை என்பது அதில் தெளிவாயிற்று. ஜூனில் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வண்டியை விட்டார்கள். வக்கீல் ஃபீஸ் 40,000, போக்குவரத்து, பத்திரம், நகல் என்று ஒரு 12,000. பேட்டரி செத்து, இரண்டு டயர் வெடிப்பு விட்டு, எலி ஒயரைக் கடித்து வைத்திருந்தது. ஓட்டுகிற நிலைக்குக் கொண்டுவர 31,000.

இப்போது நான் செய்கிறதைச் சொல்கிறேன், உங்களுக்குத் தோதானதை எடுத்துக்கொள்ளுங்கள். புது டிரைவரிடம் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்: லோடு சீட்டில் இல்லாத எந்தப் பொருளையும் ஏற்ற மாட்டேன், ஏற்றினால் முழுப் பொறுப்பு என்னுடையது என்று. அவர் லைசென்ஸ் நகலும், இரண்டு உறவுக்காரர் போன் நம்பரும் வைத்திருக்கிறேன். லோடு ஏறி முடிந்ததும் தார்ப்பாய் கட்டும் முன்னால் ஒரு வீடியோ, டீசல் போட்டுக் கிளம்பும்போது ஒரு வீடியோ, அவர் போனிலிருந்து எனக்கு வரணும். ஜி.பி.எஸ். சந்தா கட்டியாகிவிட்டது, பதினைந்து நிமிஷத்துக்கு மேல் நின்றால் என் போன் கத்தும். டீசலை இன்னும் அங்கேதான் போடுகிறோம், ஆனால் ஒரே பங்க், மெயின் ரோட்டில் இருக்கிறது. டாஸ்மாக் லீவு நாளுக்கு முந்தின மூன்று நாள் முடிந்தவரை நானே வண்டியில் கூடப் போய் வருகிறேன், இல்லையென்றால் அந்த லோடை விட்டுவிடுகிறேன். பண்டிகைக்கு முன்னால் டிரைவருக்குப் போனஸ் கொடுத்துவிடுகிறேன். பொங்கல் செலவுக்குக் கை கடிக்கிற நேரத்தில்தான் அந்த ஆட்கள் வந்து பேசுகிறார்கள்.

பாட்டில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். குட்கா, புகையிலை கலந்த பான் மசாலா 2013-லிருந்து இங்கே தடை, அதுவும் இதே பாதையில் மூட்டைக்கு நடுவே வருகிறது. சிகரெட்டுக்கு ஜி.எஸ்.டி. நாடு முழுக்க ஒன்றுதான் என்பதால் பக்கத்து மாநிலத்திலிருந்து கொண்டுவந்து லாபம் பார்க்க வழி குறைவு, ஆனால் எச்சரிக்கைப் படம் இல்லாத வெளிநாட்டு சிகரெட் பார்சல் என்று யாராவது கொடுத்தால் தொடாதீர்கள். கேரளா எல்லையில் பொள்ளாச்சி, கோபாலபுரம், வேலந்தாவளம், வாளையார்ப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்குத் தொந்தரவு வேறு மாதிரி. நம்மூரில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை, அந்தப் பக்கம் கள்ளுக்கடை திறந்திருக்கிறது. நம்மூரில் 2003-லிருந்து லாட்டரி கிடையாது, அந்தப் பக்கம் அரசே விற்கிறது. இங்கிருந்து போவது ரேஷன் அரிசி. அங்கே போய்க் குடித்துவிட்டு வருவதும், சீட்டு வாங்குவதும் அவரவர் பாடு. வண்டியில் ஏறிவிட்டால் அது வண்டிச் சொந்தக்காரர் பாடு. வெளி மாநிலத்தில் விலை ஒட்டி, சீல் உடையாமல் பில்லோடு வாங்கினதுதானே என்று ஒருவர் என்னிடமே வாதாடினார். அந்த பில் அந்த மாநிலத்துக்கு வரி கட்டினதற்கான அத்தாட்சி, நம் மாநிலத்துக்குள் கொண்டுவர அது அனுமதி ஆகாது என்று வக்கீல் சொன்னதை அவருக்கும் சொன்னேன். விருந்துக்கு நாலு பாட்டில் வாங்கி வரச் சொல்லும் சொந்தக்காரர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

டிரைவர் ஜாமீனில் வந்து இப்போது பவானிப் பக்கம் தறிக்குப் போகிறான் என்று கேள்வி. அவன் மேல் கேஸ் இன்னும் நடக்கிறது, சாட்சியாக எனக்கும் சம்மன் வரலாம். அதனால் மகஜர் நகல், வாய்ஸ் இருக்கிற பென்டிரைவ், நோட்டீஸ், பதில் மனு, விடுவித்த உத்தரவு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். கேஸ் முடியும்வரை வண்டியை விற்கவோ பெயர் மாற்றவோ கூடாது என்று பத்திரத்தில் இருக்கிறது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதையும் விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.